ஒட்டுனவன் போயிட்டான், பிசுக்கு நம்ம கையில



மூணு நாளா சாயங்காலம் ஆனா திண்ணையில ஒக்காந்து ஒரு ஒயரைத் தேச்சுக்கிட்டிருக்கேன். அம்பது அடி ஒயர். பக்கத்துல ஒரு கிண்ணத்துல எண்ணெய், ஒரு வாளியில சோப்புத் தண்ணி, கிழிஞ்ச பனியன் துணி. தெருவுல போற வர்றவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுத்தான் போறாங்க. நேத்து ஒரு பய, "என்ன பெரியப்பா, தீபாவளிக்கு ஒயருக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறீங்களா?"ன்னு கேட்டான். ஆமாடான்னேன். வேற என்ன சொல்றது, அதைத்தானே செஞ்சுக்கிட்டிருக்கேன்.

இது எங்க ஊர்ப் பொது மைக் செட்டோட ஒயர். கோயில் வரிப் பணத்துல மிச்சம் பிடிச்சு வாங்குன செட்டு. ஆம்பிளிபயர் ஒண்ணு, பெட்டி ரெண்டு, குழாய் ரெண்டு, அப்பறம் கார்ட்லெஸ் மைக் ஒரு ஜோடி. கோயில் விசேஷம், காதுகுத்து, கருமாதி, கிராம சபை எல்லாத்துக்கும் இதுதான். வருஷத்துக்கு ஒருத்தர் வீட்டுல இருக்கும். இந்த வருஷம் எங்க வீட்டுல.

கார்ட்லெஸ் மைக்குக்கு எதுக்குய்யா ஒயர்னு கேப்பீங்க. நானும் கேட்டவன்தான். கைல பிடிக்கிற மைக்குக்குத்தான் ஒயர் கிடையாது. அது ரேடியோ மாதிரி அலையா அனுப்பும். அதை வாங்குறதுக்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கு, ரிசீவர். ரிசீவர்லேர்ந்து ஆம்பிளிபயருக்கு ஒயர்லதான் போயாகணும். ரெண்டு பக்கமும் பி-38 ஜாக் வெச்ச ஒயர். ரிசீவருக்கு கரண்டு குடுக்குற அடாப்டர் ஒயர் வேற. மைக்குக்கும் ரிசீவருக்கும் நடுவுல சுவரு, தகரம், கூட்டம் இல்லாம இருந்தாத்தான் சத்தம் அறுபடாம வரும். அதனால ரிசீவரை மேடைப் பக்கமே வெச்சுடுவாங்க. ஆம்பிளிபயர் இருக்கிறது பிளக் பாயிண்ட் இருக்கிற கோயில் ரூமுல. நடுவுல அம்பது அடி. சட்டையில குத்துற காலர் மைக்குன்னா இன்னும் மோசம், அதுக்கு நூல் மாதிரி ஒரு ஒயர் இடுப்புல இருக்கிற பெட்டி வரைக்கும் போகும். நாடகக்காரங்க அதைக் கன்னத்துல டேப் போட்டு ஒட்டிக்குவாங்க. வேர்வை, அரிதாரம், டேப் பசை மூணும் சேந்து அந்த ஒயர் என்ன பாடு படும்னு கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. பேருதான் கார்ட்லெஸ். பாதி கோளாறு கார்டுலதான்.

அந்த அம்பது அடி ஒயர் தரையில கெடந்தா ஆள் தடுக்கி விழும். குழந்தைங்க இழுக்கும். அதனால ஒவ்வொரு விசேஷத்துக்கும் யாராவது ஒரு தம்பி டேப்பை எடுத்துக்கிட்டு வந்து அடிக்கொரு எடத்துல ஒட்டிட்டுப் போயிடுவான். கையில என்ன கெடைக்குதோ அது. பார்சல் ஒட்டுற பிரவுன் டேப்பு, கறுப்பு இன்சுலேஷன் டேப்பு, ஒரு தடவை பள்ளிக்கூடப் புள்ளை பையிலேர்ந்து எடுத்த செல்லோ டேப்பு. ஒட்டறதுக்கு ஆள் இருக்கு. பிரிக்கிறதுக்கு ஆள் இருக்காது. ஏன்னா ராத்திரி 10 மணிக்கு மேல காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி போடக்கூடாதுன்னு 2000-லேயே விதி வந்துடுச்சு. நல்ல விதி, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை. ஆனா 10 மணி அடிச்சதும் என்ன நடக்குது? லைட்டை அணைக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் மூட்டை கட்டணும்னு ஒயரைப் பிடிச்சு ஒரே இழுப்பு. டேப்பு பாதி தரையில நிக்கும், பாதி ஒயரோட வரும். அப்படியே சுருட்டி சாக்குல போட்டுடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு எடுத்தா டேப்போட மேல் தோலு உரிஞ்சு போயிருக்கும், பசை மட்டும் ஒயர்ல நிக்கும்.

அந்தப் பசை சும்மா நிக்காதுங்க. நம்ம பெரம்பலூர் வெயிலுக்கு அது உருகி வழியும். ஒரு சுத்து இன்னொரு சுத்தோட ஒட்டிக்கும். மக்காச்சோளம் அடிக்கிற காலத்துல களத்துல எல்லாம் ஒரு உமி பறக்கும் பாருங்க, அது பூரா அதுல ஒக்காந்துக்கும். அரியலூர்ப் பக்கம் எங்க மச்சான் ஊர்ல சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டோரம் விசேஷம் வெச்சா அந்தத் தூசி மாவு மாதிரி அப்பிக்கும். கோயில் வாசல்ல கெடந்த ஒயர்ல மஞ்சத்தூள், விபூதி, தலைமுடி, பொரி எல்லாம் ஒட்டியிருக்கும். எங்க ஊர் ஒயரை நீங்க கையில எடுத்திருந்தா, ஊர்ல ரெண்டு வருஷமா என்னென்ன விசேஷம் நடந்துச்சுன்னு அதைப் பாத்தே சொல்லிடலாம்.

அசிங்கமா இருக்கு, அவ்வளவுதானேன்னு விட்டுடலாம். நானும் அப்படித்தான் விட்டேன். ஒட்டிக்கிட்ட ஒயரைப் பிரிக்கிறப்ப வெடுக்வெடுக்குன்னு இழுக்குறோம் பாருங்க, அந்த இழுப்பு பூரா ஜாக்கு கிட்ட போய் விழுகுது. உள்ள இருக்கிறது முடி மாதிரி செம்புக் கம்பி. அதைச் சுத்தி ஒரு வலை இருக்கும், அதுதான் வெளியில இருக்கிற கரண்டு இரைச்சலை உள்ள விடாம தடுக்குறது. வலை அறுந்தா ஸ்பீக்கர்ல உர்ருன்னு ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். கம்பி அறுந்தா பேச்சே வராது. பாதி அறுந்தா வரும், போகும். அதுதான் எல்லாத்தையும் விடக் கொடுமை.

இனி என் குத்தத்தைச் சொல்றேன்.

செப்டம்பர் கடைசியில செட்டை எடுத்துப் பாத்தேன். அக்டோபர் 2 கிராம சபைக்கு வேணும். ஒயர் கெட்டியா ஒட்டிக் கெடந்துச்சு. எனக்கு அன்னிக்கு வேற வேலை, நேரம் இல்லை. வண்டியிலேர்ந்து கொஞ்சம் பெட்ரோல் பிடிச்சு துணியில நனைச்சு பரபரன்னு தேச்சேன். அடேங்கப்பா, நிமிஷத்துல பசை போயிடுச்சு. ஒயர் புதுசு மாதிரி. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கிட்டேன். ஜாக்கு பக்கம் பிசுக்கு அதிகமா இருந்ததால அங்க மட்டும் பெட்ரோல் துணியைச் சுத்தி ராத்திரி பூரா ஊறவே வெச்சுட்டேன்.

காலையில பாத்தா அந்த எடத்துல ஒயர் குச்சி மாதிரி வெறைச்சு நின்னுச்சு. மடக்குனா நெளியலை. சரி, காய்ஞ்சா சரியாப் போயிடும்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

கிராம சபையில மொதல்ல பேசுன ரெண்டு மூணு பேருக்கு மைக்கு ஒழுங்கா வேலை செஞ்சுது. அவங்க எல்லாம் மைக்கு இல்லாமயே ஊருக்குக் கேக்குற மாதிரி பேசுறவங்க. அப்பறம் கடைசித் தெருவுலேர்ந்து ஒரு அம்மா எந்திரிச்சாங்க. நூறு நாள் வேலைக்குப் போறவங்க. கூட்டத்துல பேசி நான் பாத்ததே இல்லை. அவங்க தெரு மொனைக் குழாயில தண்ணி வராததைப் பத்தித்தான் பேச வந்தாங்க. மைக்கைக் கையில வாங்கி, "எங்க தெருவுல..."ன்னு ஆரம்பிச்சாங்க. கர்ர்ர்ருனு ஒரு சத்தம். நின்னுச்சு. மறுபடி ஆரம்பிச்சாங்க. மறுபடி கர்ர். ரூமுல ஆம்பிளிபயர் கிட்ட நான் ஜாக்கை அசைக்கிறேன், வருது. கையை எடுத்தா போகுது. வெளியில ஒருத்தன் சிரிக்கிறான். இன்னொருத்தர் "சரி சரி, அடுத்த ஆளு பேசுங்க"ங்கிறாரு. அந்தம்மா மைக்கை மேசையில வெச்சுட்டுப் போய் ஒக்காந்துட்டாங்க.

அடுத்துப் பேசுனவருக்கு மைக்கே தேவைப்படலை. அவரு தொண்டை அப்படி.

கூட்டம் முடிஞ்சு வெளியில வந்தப்ப அந்தம்மா என்னைப் பாத்து, "பரவால்லண்ணே, அடுத்த கூட்டத்துல பேசிக்கிறேன்"னாங்க. குத்திக் காட்டலை, நெசமாவே அப்படித்தான் சொன்னாங்க. அதுதான் எனக்குத் தூக்கம் வரலை. ஒயரை அறுத்துப் பாத்தா, பெட்ரோல்ல ஊற வெச்ச எடத்துல மேல் தோலு சுத்திலும் வெடிச்சிருந்துச்சு. உள்ள வலை பாதி அறுந்து கெடந்துச்சு. டேப்பு ஒட்டுனது யாரோ. ஆனா அந்தம்மா பேச்சை நிறுத்துனது நான்தான்.

அப்பறம்தான் உக்காந்து தேடிப் படிச்சேன், பெரம்பலூர்ல ரேடியோ கடை வெச்சிருக்கிற ஒரு பெரியவர் கிட்டயும் போய்க் கேட்டேன். விஷயம் இதுதான். ஒயர் மேல இருக்கிற தோலு பிவிசி. பிவிசி தன்னளவுல கெட்டியான பொருளு, நம்ம போர் பைப்பு மாதிரி. அதை நெளிய வைக்கிறதுக்கு எண்ணெய் மாதிரி ஒரு சரக்கை உள்ள கலந்திருப்பாங்க. பெட்ரோல், பெயிண்ட் தின்னர், நகப்பூச்சு அழிக்கிறது இதெல்லாம் பட்டா பசையை மட்டும் கரைக்காது, உள்ள இருக்கிற அந்தச் சரக்கையும் உறிஞ்சி எடுத்துடும். அப்பறம் ஒயர் பழையபடி பைப்பு மாதிரி ஆயிடும். மடக்குனா வெடிக்கும்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிட்டேன். இன்சுலேஷன் டேப்பும் அதே பிவிசிதான். அதுலயும் அந்தச் சரக்கு இருக்கு. வெயில்ல அது டேப்புத் தோல்லேர்ந்து கசிஞ்சு பசைக்குள்ள எறங்கும். பசை கொழகொழன்னு ஆகும், தோலு சுருங்கி உரிஞ்சு போகும். அமெரிக்காவுல 3எம் கம்பெனி 1940-கள்ல இந்த டேப்பைக் கண்டுபிடிக்கிறப்பவே இதுதான் அவங்களுக்குப் பெரிய தலைவலியா இருந்துச்சாம். செல்லோ டேப்பு அதுக்கு முன்னாடி, 1930-ல, அதே கம்பெனி ஆள் ரிச்சர்ட் ட்ரூ கண்டுபிடிச்சது. அவங்க ஊரு குளிரு. நம்ம சித்திரை வெயில்ல சாக்குல கெடக்குற டேப்பைப் பத்தி அவங்க கனவுலயும் நெனச்சிருக்க மாட்டாங்க.

சரி, எடுக்கிறது எப்படி. நான் மூணு நாளா கத்துக்கிட்டதைச் சொல்லிடறேன், யாருக்காவது உதவும்.

மொதல்ல எல்லாத்தையும் கழட்டிடுங்க. ஜாக்கு, அடாப்டர் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. மைக்குல பேட்டரி இருந்தா எடுத்துடுங்க. டேப்புத் துண்டு மிச்சம் இருந்தா காலை எளவெயில்ல ஒரு பத்து நிமிஷம் போட்டுட்டு, ஓரத்தை நகத்தால தூக்கி, ஒயரோடயே படுக்க வெச்ச மாதிரி பின்னால மடக்கி மெதுவா இழுங்க. மேல தூக்கி வெடுக்குன்னு இழுத்தா தோலு மட்டும் வந்துடும், பசை தங்கிடும். மெதுவா வந்தா பசையும் கூடவே வரும். கத்தி, பிளேடு வேண்டாம். நான் ஒரு எடத்துல பிளேடு வெச்சு சொரண்டி ஒரு கீறல் போட்டுட்டேன்.

அப்பறம் பசை. முள்ளை முள்ளாலதான் எடுக்கணும்பாங்க இல்லையா, புது டேப்புத் துண்டு ஒண்ணை விரல்ல மாட்டிக்கிட்டு பசை மேல தட்டித் தட்டி எடுங்க. புதுசு பழசைப் பிடிச்சுக்கிட்டு வரும். நம்ப மாட்டீங்க, பாதி இதுலயே போயிடுது. மிச்சத்துக்கு எண்ணெய். தேங்காய் எண்ணெய் நல்லா வேலை செய்யுது, ஆனா இன்னிக்கு அது விக்கிற விலைக்கு ஒயருக்கு ஊத்துனா வீட்டுல சோறு கெடைக்காது. கடலை எண்ணெய் போதும். துணியில தொட்டு ஒரு அடி ஒரு அடியாத் தடவி, கால் மணி நேரம் விட்டுட்டு, கட்டைவிரலால உருட்டுனா பசை புழு மாதிரி சுருண்டு வருது. எங்க வீட்டுக்காரம்மா நல்ல எண்ணெய் எதுக்குன்னு வடை சுட்ட பழைய எண்ணெயைக் குடுத்தாங்க. அது வேண்டாம்ங்க. காய்ஞ்ச எண்ணெய் அதுவே பிசின் மாதிரி. இருந்த பிசுக்கோட இன்னொரு பிசுக்கு சேந்து அன்னிக்கு சாயங்காலம் பூரா வீணாப் போச்சு. பழியை அவங்க ஏத்துக்கலை.

வீட்டுல நீலகிரி தைலம் இருந்தா அதுவும் நல்லாக் கரைக்குது. ஆனா ரெண்டு சொட்டுதான், தொட்டுத் தொடச்சுடணும், ஊற வைக்கக் கூடாது. மண்ணெண்ணெயும் பசையை எடுக்கும், ஆனா நாத்தம் போகாது. அதோட பெட்ரோல்ல பட்ட சூடு எனக்கு இன்னும் ஆறலை, அதனால அந்தப் பக்கமே போகலை.

எண்ணெயை அப்படியே விட்டுடக் கூடாது. அதுவும் தூசியைப் பிடிக்கும், நாள்பட ஒயருக்கும் ஆகாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில துணியை நனைச்சு, பிழிஞ்சு, ரெண்டு தடவை தொடைக்கணும். ஒயரை வாளிக்குள்ள முக்கிடாதீங்க. ஜாக்கு வழியா தண்ணி உள்ள போயிடும். கடைசியில மருந்துக் கடையில விக்கிற ஸ்பிரிட்டுல ஒரு தடவை தொடச்சா கையில வழவழன்னு வரும். கொரோனா காலத்துல வாங்கிப் போட்ட தண்ணி மாதிரி சானிடைசர் மிச்சம் இருந்தா அதுவும் ஆகும். கொழகொழன்னு இருக்கிற ஜெல் ஆகாது. ஸ்பிரிட்டு வெச்சுக்கிட்டு அடுப்புப் பக்கம் ஒக்காராதீங்க, பீடி பத்த வைக்காதீங்க. ஜாக்குல எண்ணெய்க் கை பட்டிருந்தா அதையும் ஸ்பிரிட்டுலயே தொடச்சிடுங்க. இதெல்லாம் பிவிசி ஒயருக்கு. பழைய காலத்து ரப்பர் ஒயரா இருந்தா எண்ணெயே காட்டாதீங்க, ரப்பரு ஊதிப் போயிடும். அதுக்கு சோப்புத் தண்ணியும் கொஞ்சம் ஸ்பிரிட்டும்தான்.

இவ்வளவு பண்ணியும் லேசா ஒட்டுற எடத்துல எங்கம்மா ஒரு வேலை பண்ணாங்க. பலாப்பழம் அறுத்த கைக்கு எண்ணெய் போட்டுட்டு சாம்பல் தேய்ப்போம் இல்லையா, அதே மாதிரி சலிச்ச அடுப்புச் சாம்பலைத் தூவி உருவி விட்டாங்க. பிசுபிசுப்பு அடங்கிடுச்சு. அவங்களுக்கு எண்பதைத் தாண்டிடுச்சு. பிவிசின்னா என்னன்னு கேட்டா தெரியாது.

வெறைச்சுப் போன எடத்தை மட்டும் ஒண்ணும் பண்ண முடியலை. ஜாக்கோட சேத்து ஒரு முழம் வெட்டிட்டு, ரேடியோ கடைப் பெரியவர் கிட்ட புது ஜாக்கு வெச்சு ஈயம் பத்த வெச்சுக்கிட்டு வந்தேன்.

இதையெல்லாம் பாத்துட்டு எங்க ஊர்த் தம்பிங்க சொல்றது, "விடுங்க மாமா, அடுத்த வசூல்ல புது ஒயர் வாங்கிடலாம்." வாங்கலாம் தம்பி. வாங்கி? அதுலயும் நீதானே டேப்பு ஒட்டப் போற. புது ஒயரும் ரெண்டு திருவிழா தாங்கும். நான் சண்டைக்கு நிக்கிறது ஒயர் காசுக்காக இல்லை. தன் வீட்டு டிவி ஒயர்ல பிரவுன் டேப்பை ஒட்டி யாராவது இப்படி இழுப்பாங்களா? சவுண்டு சர்வீஸ் வெச்சுப் பொழைக்கிற பையனைப் பாருங்க, ஒயரை எவ்வளவு பக்குவமா வளையம் போட்டுச் சுருட்டுறான். கிழிஞ்சா அவன் காசு. ஊர்ப் பொதுன்னா மட்டும் நமக்குக் கை அப்படிப் போகுது. இதுல நானும் சேத்திதான், பெட்ரோல் ஊத்துனவன்.

டேப்பே கூடாதுன்னு நான் சொல்லலை. ஆள் நடக்குற எடத்துல ஒயர் சும்மா கெடந்தா கெழவி ஒருத்தி தடுக்கி விழுவா, அதுக்கு ஒயர் போனாப் போகட்டும். ஆனா ஆள் நடக்காத நாப்பது அடிக்கு எதுக்கு டேப்பு? பந்தக்கால் ஓரமாவே மேல கொண்டு போய்க் கட்டலாமே. கட்டுறதுக்கு சைக்கிள் டியூப்பை விரல் அகலத்துக்கு வெட்டி வெச்சுக்கிட்டா போதும். எங்கப்பா காலத்துல பந்தல்ல ஒயர் கட்டுறதுக்கு வாழைநாரும் சணலும்தான். அவுத்தா ஒயர்ல ஒரு தடயம் இருக்காது. ஆள் நடக்குற பத்தடிக்கு மேல ஒரு பழைய சாக்கை விரிச்சு, சாக்கோட ரெண்டு ஓரத்தையும் ஒட்டுங்க. டேப்பு சாக்குல ஒட்டட்டும், ஒயர்ல வேண்டாம். ஒயர்லதான் ஒட்டியாகணும்னா துணி டேப்பு வாங்குங்க. சினிமாக்காரங்க பயன்படுத்துறது. விலை கூடத்தான், ஆனா கையால கிழியும், அன்னிக்கே பிரிச்சா பசை தங்காது. அன்னிக்கேங்கிறதுதான் முக்கியம். அதையும் ஆறு மாசம் விட்டா எல்லாம் ஒண்ணுதான்.

அடையாளத்துக்கு ஊர்ப் பேரை எழுதி மேல செல்லோ டேப்பு சுத்துற பழக்கம் ஒண்ணு இருக்கு. அதுக்கும் பதிலா சிவப்பு நூலை நாலு சுத்து சுத்தி முடி போட்டுட்டா யாரு ஒயர்னு தெரிஞ்சுடும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லணும். மைக் ஒயர்ல போறது ரொம்பச் சின்னக் கரண்டு, அதுல தப்பு நடந்தா பேச்சுதான் நிக்கும். கரண்டு ஒயர்ல அப்படி இல்லை. திருவிழாவுக்கு இழுக்குற சீரியல் செட்டு ஒயர்லயும், நம்ம மோட்டார் ஒயர்லயும் டேப்பு சுத்துன எடத்தைக் கவனிச்சுப் பாருங்க. பசை வழிஞ்சு, டேப்பு தளர்ந்து, உள்ள தண்ணி எறங்கிச் செம்பு பச்சை பிடிச்சுக் கெடக்கும். வெளியில பாத்தா டேப்பு இருக்குன்னு தைரியமாத் தொடுவோம். இப்ப ஐப்பசி மழை வேற. பழைய பசை மேலயே புது டேப்பைச் சுத்துறது ஏமாத்து வேலை, பிடிக்கவே பிடிக்காது. பழசை எடுத்து, தொடச்சு, காய வெச்சு அப்பறம்தான் சுத்தணும். அதுக்கு முன்னாடி மெயினை அணைச்சு, பியூஸ் கட்டையை உருவித் தன் பாக்கெட்டுல போட்டுக்கணும். வேற யார் கிட்டயும் குடுக்கக் கூடாது. எண்ணெய், ஸ்பிரிட்டு வித்தையெல்லாம் கரண்டு ஒயர் கிட்ட காட்டாதீங்க, தோலு வெடிச்சிருந்தா ஒயரையே மாத்திடுங்க. மோட்டார்ல ஓடுறது மூணு பேஸு, 415 வோல்ட்டு. அது மன்னிக்காது.

மைக்குக்கு வர்றேன். முன்னாடியெல்லாம் கிராம சபை வருஷத்துக்கு நாலு தடவைதான்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-லேர்ந்து மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேத்து ஆறு ஆச்சு. ஒரு மாசத்துல அடுத்த கூட்டம் வர்றது எனக்கு நல்லதாப் போச்சு. அந்த ஒரு கூட்டத்துக்குள்ளயாவது ஒயரைச் சரி பண்ணிடணும்னுதான் இப்படி ஒக்காந்திருக்கேன். நம்ம கூட்டங்கள்ல பேசத் தெரிஞ்சவங்க எப்படியும் பேசிடுறாங்க. மைக்கு அவங்களுக்கு ஒரு அலங்காரம். பேசிப் பழகாதவங்களுக்குத்தான் அது வேணும். குரல் நடுங்குனாலும் பெட்டியில கணீர்னு வரும், அப்ப யாரும் குறுக்க பேச முடியாது. இதை ரூமுல ஜாக்கை ஆட்டிக்கிட்டு நின்னப்பதான் நான் கண்டுக்கிட்டேன்.

நேத்தோட முப்பத்தஞ்சு அடி முடிஞ்சுது. இன்னும் ஒரு பத்துப் பதிமூணு அடி பாக்கி. ராத்திரி ஒரு தடவை மாட்டிப் பாத்தேன், திண்ணையில மைக்கை வெச்சுட்டு உள்ள ஆம்பிளிபயரைப் போட்டு பேத்தியைப் பேசச் சொன்னேன். உர்ருன்னு சத்தமே இல்லை. அவ ஒண்ணாம் வாய்ப்பாட்டை ஆரம்பிச்சு நிறுத்தவே மாட்டேன்னுட்டா. பக்கத்து வீட்டுல நாய் குலைக்க ஆரம்பிச்சதும் அணைச்சுட்டேன், மணியும் ஒம்பதே முக்கால் ஆயிடுச்சு.

சைக்கிள் டியூப்பு வெட்டி இருபது துண்டு சாக்குக்குள்ள போட்டு வெச்சிருக்கேன். நவம்பர் 1 அன்னிக்கு ஒயர் கட்டுறது நானே. கடைசித் தெருப் பக்கம் போனா அந்தம்மா வீட்டுல, மைக்கு சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டு வரணும்.